உம்மா படகில் போவது பற்றி

காத்தான்குடி,
15.07.2025, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் முப்லிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் நளீரும் பேத்தி ஹப்ஸாவும் தோஹாவில் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே உடம்பளவில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்க வாப்பா ஏன் பேனையைத் தூக்கினார் என்று நீ சிரிப்பாய். என்னுடையது பழைய பட்டன் போன், நீ எடுக்கிற போன் உம்மாவிடம் இருக்கிறது. அதுவும் நீ எடுப்பது வீடியோவில். இந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது. பக்கத்து ஒழுங்கை முனாஸ் லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான். பார்சலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பார்சலில் உனக்குக் காய்ந்த கூனி இறாலும் மாசிச் சம்பலும், நளீருக்கு இரண்டு சாரன், ஹப்ஸாவுக்கு உம்மா தைத்த சட்டை. சட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் வளர்கிற பிள்ளைதானே, வைத்துப் போடு.

போன கிழமை நீ உம்மாவிடம் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். தடிமன் என்று சொன்னாள். நீ கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னாய். அவளும் உனக்காக அவித்துக் குடித்தாள். தடிமன் இல்லை மகள். காரணம் நான்தான்.

நான் பெட்டிசம் எழுதுகிற ஆள் என்பது உனக்குப் புதிதல்ல. ஓய்வு பெற்ற பிறகு நம் வாசல் ஒழுங்கைக்கு லைட் இல்லை என்று எழுதினேன், லைட் வந்தது. கான் அடைத்து அழுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது என்று எழுதினேன், வந்து வெட்டிவிட்டார்கள். அதோடு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. முப்பத்து நான்கு வருடம் உப தபாலதிபராக இருந்தவனை ஊர் இப்போது ‘பெட்டிசம் கபூர்’ என்கிறது. அதைக் கேட்டால் கோபப்படுவது போலக் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

அஸீமா டீச்சர் நடத்துகிற மாதர் தையல் சங்கம் உனக்குத் தெரியும். உம்மா மூன்று வருடமாக அங்கே போய்வருகிறாள். அந்தப் பெண்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு நாள் வாவியில் சுற்றுலாப் படகில் போய்வர ஏற்பாடு செய்திருந்தார்கள். பேப்பரில்தான் வாவி. நமக்கு அது ஆறு. டவுனில் புளியந்தீவில் ஏறி, கோட்டையையும் கல்லடிப் பாலத்தையும் கரையோரத்துக் கண்ணாக்காடுகளையும் பார்த்துக்கொண்டு நம் ஊர் ஆற்றங்கரைப் பக்கமும் வந்து திரும்புகிற படகு. பெண்கள் மட்டும் போகிற பயணம், சாப்பாடும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது. உண்மையைச் சொன்னால், அதில் யாருக்கும் ஒரு மறுப்பும் இருக்கவில்லை. பள்ளிவாசல் தலைவரே ‘போய்ட்டு வரட்டுமே’ என்றுதான் சொல்லியிருந்தாராம்.

எனக்கும் மறுப்பு இருக்கவில்லை மகள். இதை நீ நம்ப வேண்டும். தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போது ஒருவர் பகிடியாகக் கேட்டார்: ‘எல்லாத்துக்கும் எழுதுற கபூர் காக்கா இதுக்கு ஒண்டும் எழுதல்லியா?’ அவ்வளவுதான் நடந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்த பிறகுதான் காரணங்களைத் தேடினேன். கச்சான் காற்று என்றேன். படகின் பாதுகாப்பு என்றேன். அதுவும் போதாமல் ஊர் மானம் என்றேன். கடைசியில் ஒரு வசனம் எழுதினேன். அதை இங்கே அப்படியே எழுதுகிறேன், நீயும் பார்: ‘இப்பெண்மணிகளின் கணவன்மார் இதனை அறிவார்களா, அன்றி அறிந்தும் வாளாவிருக்கின்றார்களா என்பதே எமது வினாவாகும்.’

எழுதி முடித்து அந்த வசனத்தை நானே மூன்று தரம் வாசித்து ரசித்தேன்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பத்துப் பேரை விறாந்தைக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். என்னோடு பதினொன்று. இது யாருடைய விறாந்தை? நாற்பத்தொரு வருடத்துக்கு முன் உம்மாவுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு. நான் ஒரு தகரப் பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்து ஏறினேன். பிறகு உன் கலியாணத்துக்கு அவள் அதை உன் பேருக்கு எழுதினாள். நம் ஊர் வழக்கப்படி இந்த வீட்டில் எனக்கென்று ஒரு கதவு நிலைகூட இல்லை. அவளுடைய கதிரைகளில் பத்துப் பேரை இருத்தி வைத்து, உரத்த குரலில் அந்தப் பெட்டிசத்தை வாசித்தேன். நான் சொன்ன அந்த வசனம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, இன்னொரு தரம் வாசித்தேன்.

அப்போது உம்மா தேத்தண்ணித் தட்டத்தோடு கதவடியில் நின்றாள். வாசிப்பைக் குழப்பக்கூடாது என்று காத்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். நான் முடித்ததும் உள்ளே வந்து, ‘ஆருக்கு சீனி வேணாம்?’ என்று கேட்டாள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். எல்லாருக்கும் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு, ‘எல்லாரும் கையெழுத்து வெச்சிட்டாங்களா?’ என்றாள். ‘ஓம், பதினொண்டு’ என்றேன் பெருமையாக. ‘நல்லம்’ என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

பெட்டிசத்தைப் பள்ளிவாசல் தலைவரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, இது சபை முடிவெடுக்கிற விசயம் இல்லை, அந்தப் பெண்களுக்கே அறிவு இருக்கிறது என்றார். ஆனால் பெட்டிசம் வந்த செய்தி ஊருக்குள் போனதே போதுமாக இருந்தது. பதினொரு ஆம்பிளைகள் கையெழுத்து வைத்து எதிர்த்த பயணத்துக்கு எந்த வீட்டுப் பெண் துணிந்து கிளம்புவாள்? அஸீமா டீச்சர் படகுக்காரருக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் வெற்றி பெற்றவன் மாதிரி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்தாவது நாள். உம்மா உன் சாச்சியின் வீட்டுக்குப் போயிருந்தாள். அஸீமா டீச்சர் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், ஒரு கவரைத் தந்தார். ‘ராத்தாட்டக் குடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மேலே கைறுன்னிஸா என்று உம்மாவின் பேரை எழுதி ஒட்டியிருந்தது.

மகள், இனி எழுதுவதுதான் எனக்கு மிகவும் கஷ்டம். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் கடிதம் என் கையால் போயிருக்கும். யுத்த காலத்தில் எத்தனை பேர் வந்து, இன்னாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டிருப்பார்கள். ஒரு கவரின் ஓரத்தைக்கூட நான் தூக்கிப் பார்த்தது இல்லை. என் உத்தியோகத்தில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அந்தக் கையால் என் மனைவியின் பேருக்கு வந்த கவரைப் பிரித்தேன். டீச்சர் ஏன் முகம் கொடுக்காமல் போனார் என்று அறிய வேண்டியிருந்தது. வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

உள்ளே இருந்தது படகுக்காரர் கேட்ட படிவம். பயணம் இல்லையென்றதும் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். உம்மாவின் கையெழுத்து உனக்குத் தெரியும்தானே, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகக் குந்தவைப்பாள். பெயர், கைறுன்னிஸா. வயது, 62. முன்னர் படகில் போயிருக்கிறீர்களா, இல்லை. நீச்சல் தெரியுமா, இல்லை. ஏதும் நடந்தால் அறிவிக்க வேண்டியவர், எம். அப்துல் கபூர், கணவர். அதற்குக் கீழே என் போன் நம்பர். தேதியைப் பார்த்தேன். நான் பெட்டிசம் எழுதியதற்கு ஒன்பது நாள் முன்னால்.

கணவன்மார் இதனை அறிவார்களா என்று ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டேனே. அறியாத கணவன் நான்தான். தட்டத்தோடு நின்றவளுக்கு அது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அவள் சொல்லாமல் போக நினைத்தாள் என்று நீ நினைத்துவிடாதே. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த நாட்களில் ஒரு மஃரிபுக்குப் பிறகு, ‘ஆத்துல படகுல போனாத் தலசுத்துமா?’ என்று கேட்டாள். நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், ‘உனக்கென்னத்துக்கு அந்தக் கத’ என்றேன். அவள் பேசத் தொடங்கிய இடமே அதுதான். அதோடு முடித்துவிட்டேன்.

படிவத்தைத் திரும்பக் கவருக்குள் வைத்து ஒட்டினேன். ஒட்டுவதில் நான் கெட்டிக்காரன்தானே. மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது உம்மா அதைக் கையில் வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கவரை விரலால் தடவிவிட்டு, ‘பச இன்னும் காயல்ல’ என்றாள். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். சோறு வைக்கிறாள், நேரத்துக்குப் பிரஷர் குளிசை எடுத்துத் தருகிறாள், சாரன் கழுவிப் போடுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கேளாத ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதில்லை. ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நேற்று நான் ஒரு முடிவோடு புளியந்தீவுக்கு பஸ்ஸில் போனேன். படகுத்துறையில் கேட்டு, டொமினிக் என்ற படகுக்காரரைக் கண்டுபிடித்தேன். நல்ல மனுசன், நாற்பது வயதிருக்கும். இரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. என்னை மேல்தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சுற்றிவர நீலத் துணியில் திரை தைத்துக் கட்டியிருந்தது. ‘ஒங்கட ஊர்ப் பெண்டுகள் முப்பது பேர் வாறாங்க எண்டு சொல்லித்தான் காக்கா இந்தத் திரையெல்லாம் தச்சனான். கரையில நிக்கிறவன் பாக்காம அவங்க ஆத்தப் பாக்கட்டும் எண்டு. ஆரோ ஒரு மனுசன் பெட்டிசம் போட்டுக் குழப்பிப்போட்டானாம்’ என்றார்.

‘ஓம், கேள்விப்பட்டன்’ என்றேன்.

‘அந்தாளுக்கு வீட்டில பெண்டுகள் இல்லையாக்கும்’ என்றார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு இரண்டு இடம் எழுதச் சொன்னேன். பேர் கேட்டபோது கபூர் என்று சொல்லாமல் உம்மாவின் பேரைக் கொடுத்தேன். அறுபத்தெட்டு வயதில் பேரை ஒளிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். சனிக்கிழமை நாமிருவரும் படகில் போய்வருவோம் என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள். ‘நான் வரல்ல’ என்றாள். ஏன் என்றேன். ‘மத்த இருபத்தொம்பது பேரும் வீட்டுல இரிக்க நான் மட்டும் போய்ட்டு வந்து, மறுகா அஸீமாட முகத்த எப்பிடிப் பாக்கிற? அவங்க போனா நானும் போவன். நீங்க கூட்டிட்டுப் போய் நான் போக மாட்டன்’ என்றாள். இருபத்திரண்டு நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

ஆகையால் மகள், உன்னிடம் ஒரு உதவி கேட்டு இதை எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது சனிக்கிழமை போய்விடும். பரவாயில்லை, டொமினிக்கிடம் வேறொரு நாள் கேட்டு வைக்கிறேன். நீ உம்மாவுக்குப் போன் எடுத்து, வாப்பாவோடு ஒரு தரம் போய்வாருங்கள் என்று சொல். நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

18.07.2025, வெள்ளிக்கிழமை.

மகள், மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அந்தக் கடைசிப் பந்தியைக் கிழித்துவிட நினைத்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாப்பா எப்படிப்பட்டவர் என்று நீயும் பார். தான் கெடுத்ததைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிறேன், அதுவும் என் பேர் வெளியே வராமல். உம்மா வரமாட்டேன் என்று சொன்னது பிடிவாதம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை, ஏறினால் செய்ய வேண்டிவருமே.

ஆகையால் நீ உம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

புதன்கிழமை சுபஹுக்குப் பிறகு உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னக் கடிதம் நான் எழுதியது இல்லை. ‘மாதர் தையல் சங்கத்தின் படகுப் பயணத்துக்கு எதிராக நான் எழுதிய பெட்டிசத்தை வாபஸ் பெறுகிறேன். அதில் சொன்ன காரணங்களை நான் எழுதுவதற்காகத் தேடிப் பிடித்தேன். பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் என் மனைவியும் ஒருவர். அதை அறியாத கணவன் நானே.’ அதன் கீழே கையெழுத்து. அந்தக் கடைசி வசனத்தை எழுதாமல் விட்டால் என்ன என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். மற்ற வசனங்களுக்காக ஊர் என்னைப் பெருந்தன்மையான ஆள் என்று சொல்லும். இந்த ஒன்றுக்காகச் சிரிக்கும். அதனால்தான் அதை விட மனம் வந்தது, அதனால்தான் விடவும் இல்லை.

கையெழுத்து வைத்த பத்துப் பேரிடமும் நேரில் போனேன். முதலில் சீனித்தம்பி காக்கா. என்னைவிட எட்டு வயது மூப்பு, காதும் மந்தம். காதுக்குக் கிட்டப் போய் வாசித்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்து, ‘அண்டைக்கு வெச்சது ஓய்வூதிய விசயம் எண்டல்லோ நெனச்சன்’ என்றார். நான் அன்றைக்கு வாசித்த தமிழ் விளங்காமல், இன்னும் மூன்று பேர் இன்னொரு ஒழுங்கை லைட்டுக்கு என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். ‘நீங்க எழுதினாச் சரியாத்தானே இரிக்கும்’ என்று வாசித்ததைக் கவனிக்காமலே வைத்தவர் ஒருவர். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது. என்னை நம்பி வைத்த கையெழுத்தை நான் என்னத்துக்குப் பாவித்திருக்கிறேன்!

எல்லாரும் அப்படி இல்லை. சைக்கிள் கடைக்காரர் பலத்த குரலில் சிரித்தார். ‘பொஞ்சாதி அனுப்பினதா காக்கா?’ என்று கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார். அவளுக்குத் தெரியாது என்றேன். ‘அவக்குத் தெரியாம நீங்க, ஒங்களுக்குத் தெரியாம அவ’ என்றார். கடையே சிரித்தது. நானும் அவர்களோடு சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லையே. கடைசியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வாபஸ் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்கள். ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். அவர் ஒருவர்தான் அந்தப் பெட்டிசத்தை முழுதாக வாசித்து, விளங்கி, நம்பி வைத்தவர். அவரோடு எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு வந்தவர்களில் ஒழுங்கான ஆள் அவர்தான் போல.

பள்ளிவாசல் தலைவரிடம் கொடுத்தேன். ‘இத பைலில போடட்டா, ரெண்டையும் சேத்துக் கிழிச்சிடட்டா?’ என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு உதவி செய்ய நினைத்தார். பைலில் இருக்கட்டும் என்றேன்.

டொமினிக்கின் போன் நம்பர் படகு ரசீதில் இருந்தது. சனிக்கிழமை இரண்டு பேர் வரமாட்டார்கள் என்று சொல்ல எடுத்தேன். சொல்லிவிட்டு, அந்தப் பெட்டிசம் போட்ட மனுசன் நான்தான் என்றேன். ‘காக்கா, நான் பகிடிக்குச் சொன்னது’ என்றார் பாவம். ‘இல்ல தம்பி, சரியாத்தான் சொன்னீங்க, ஒரு பெண்டு இரிக்கி, நான்தான் பாக்கல்ல’ என்று வைத்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் தையல் சங்கத்துக்குப் போனேன். அதற்குள் ஆம்பிளைகள் போவதில்லை. வாசலுக்கு வெளியே நின்று சலாம் சொன்னேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக நின்றது. உம்மாவும் உள்ளே இருந்தாள் என்று எனக்குத் தெரியும், காலையில் தையல் பையோடுதான் போனாள். எட்டிப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கடிதத்தை வாசித்தேன். விறாந்தையில் அன்றைக்கு இருந்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை. கடைசி வசனத்துக்கு வந்ததும் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினேன். அஸீமா டீச்சர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, மீதியை மனதுக்குள் வாசித்தார். ‘நாங்க எல்லாரும் பேசிட்டுச் சொல்றம் காக்கா’ என்றார். கோபமும் இல்லை, தயவும் இல்லை, ஒரு அலுவலகத்தில் சொல்வது போலச் சொன்னார். அதுதான் நியாயம்.

ஒரு மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியது. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கினார்கள். முதலில் தொடங்கியது உம்மாவுடையது என்று என் மனம் சொல்கிறது. உறுதியாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும்.

20.07.2025, ஞாயிற்றுக்கிழமை.

முனாஸ் மஃரிபுக்குப் பிறகு பார்சலுக்கு வருகிறான். ஆகையால் இனிச் சுருக்கமாக முடிக்கிறேன்.

பெண்கள் போக முடிவு செய்துவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை, 24ஆம் திகதி, காலை ஒன்பது மணிக்குப் படகு. முப்பது பேர் இப்போது முப்பத்தாறு ஆகிவிட்டார்களாம். உம்மாவும் போகிறாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. முனாஸின் உம்மா றஸீனா பின்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாருக்கோ சொன்னதைக் கேட்டு அறிந்துகொண்டேன். நேற்று உம்மா தன் நல்ல செருப்பை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள். தெரியாத மாதிரி அதைத் தாண்டிப் போனேன்.

முதலில் ஒரு சந்தோசம் வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று. ஆறுதலாக இருந்து யோசித்தால், சரியாகியது படகு மட்டும்தான். அவள் ஆறு பார்க்க ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. எத்தனை வருடமாக அந்த ஆசை, ஆற்றில் இருந்து எதைப் பார்க்க நினைத்தாள், நம் ஊரையா, அக்கரையில் படுவான்கரையையா, சும்மா தண்ணீரையா? வெள்ளிக்கிழமை பின்னேரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், ஏன் போக ஆசைப்பட்டாய் என்று. ‘சும்மா’ என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. சொல்ல விரும்புகிற இடத்தில் நான் இல்லை, அவ்வளவுதான். பேப்பரில் இருந்து தலையைத் தூக்காத ஆளிடம் ஒரு தரம் கேட்டுப் பார்த்துவிட்டாளே.

இந்தக் கடிதம் உன் கைக்குச் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை உங்கள் நேரம் மாலை ஐந்து மணிக்கு உம்மாவுக்குப் போன் எடு. இங்கே அப்போது ஏழரை. நான் இஷாவுக்குப் பள்ளிக்குப் போயிருப்பேன், தொழுகை முடிந்தும் உடனே வரமாட்டேன், அவள் ஆறுதலாகப் பேசட்டும். என்ன பார்த்தாள், பயந்தாளா, தலை சுற்றியதா, யாருக்குப் பக்கத்தில் இருந்தாள், எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று ஒன்றுவிடாமல் கேள். அவசரப்படுத்தாமல் கேள். கேட்க எனக்கும் ஆசைதான், முகம் இல்லை. கேட்டாலும் எனக்குச் சொல்லமாட்டாள்.

அவள் சொன்னதில் வாப்பாவுக்கும் சொல்லலாம் என்று அவளே சொல்லுகிறது ஏதாவது இருந்தால், அதை மட்டும் எனக்கு எழுது. ஒன்றும் இல்லையென்றால், ஒன்றும் இல்லை என்று எழுது. அவளைக் குறை சொல்லாதே.

நீயும் நளீரும் எப்போதும் நன்றாக இருக்க வேண்டும். பெரிய வீடும் பெரிய சம்பளமும் கேட்டு இத்தனை நாளும் உங்களுக்காகத் துஆ செய்தேன். இப்போது வேறொன்று கேட்கிறேன். உனக்கு எங்காவது போக ஆசை வந்தால், அதை முதலில் நளீரிடம் சொல்லத் தோன்றுகிற மாதிரி அந்தப் பிள்ளையை அல்லாஹ் கடைசி வரைக்கும் வைத்திருக்கட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
எம். அப்துல் கபூர்.